வட என்ற முகவரி

திரையில் நகர்கிற பட்டை பாதியைத் தாண்டிவிட்டது, படங்கள்தான் வந்துகொண்டிருந்தன, எழுத்து ஒன்றுகூட வரவில்லை. அழிந்துபோன கோப்புகளைத் தேடியெடுக்கும் நிரல் அந்தச் சின்னப் பென் டிரைவைத் துழாவித் துழாவி, ஜெசிந்தா எப்போதோ எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கரையில் போட்டது. மழையில் நனைகிற ஸ்கூட்டர், யாரோ வீட்டுப் பூனை, ஓரம் கரைந்துபோன ஒரு கல்யாணப் பந்தி, மலைக்கோட்டைக்கு மேலே ஒன்றுமில்லாத வானம். இந்த வானத்தை எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் திட்டுவாள். கேட்க ஆளில்லை. சுடர்க்கொடி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, பட்டை நகர்கிறதா என்று பார்த்தாள். பார்த்தால் நகராது என்று தெரிந்து கண்ணை எடுத்து ஜன்னலில் வைத்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டதும் மறுபடி பட்டைக்கே வந்தாள். மாதா கோயிலில் இரண்டாம் பூசை தொடங்கி மணி அடித்து ஓய்ந்திருந்தது. பூசை முடிந்ததும் ஆரோக்கியம் அண்ணன் நேரே இங்கேதான் வருவார். ஜெசிந்தாவின் புருஷன், கூட்டுறவுப் பால் பண்ணையில் வண்டி ஓட்டி ஓய்ந்தவர், கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கையில் ஒரு துணிப்பையோடு வந்து நிற்பார். துணிப்பை பெட்டியைக் கொண்டுபோக. உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் கணினியை இவர்கள் எல்லோரும் பெட்டி என்றுதான் சொல்வார்கள், ஜெசிந்தா வைத்த பேர். அவள் எழுதியதெல்லாம் அதற்குள் இருக்கிறது, இருந்தது, இருக்கிறது. எது சரி என்று அந்தப் பட்டை போய் முட்டிய பிறகுதான் சொல்ல முடியும்.

எவ்வளவு நல்லபடியாகத் தொடங்கிய காலை. குளித்து, சாமி கும்பிடாத வீட்டில் சாமி கும்பிட்டது போன்ற ஒரு மனசோடு உட்கார்ந்தாள். ஜெசிந்தா எழுதிய வலைப்பதிவு நிரலுக்குக் கொடி என்று பேர். வெற்றிக்கொடி இல்லை, துணி காயப்போடுகிற கொடி. எழுதுனதக் காயப் போட நம்ம வீட்டுலயே ஒரு கொடி வேணும்ல, அடுத்தவன் மாடில எத்தன நாளைக்குப் போடுறது, ஈரத்தோட மடிச்சு வச்சா நாறிப்போகும்டி என்பாள். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல், சொந்தப் பெட்டியில், சொந்த வீட்டு மின்சாரத்தில், தமிழில் எழுதித் தொங்கவிட ஒரு கொடி. செய்துவிட்டாள், அருமையாகச் செய்துவிட்டாள், ஆனால் அதை நிறுவுவதற்குள் ஒருவனுக்குத் தலை நரைத்துவிடும். அதை எடுத்து இங்கே வை, இதை இறக்கு, அந்தக் கோப்பில் இந்த வரியை மாற்று என்று ஒரு கிழங்கு தோண்டுகிற வேலை. அதைப் பொதியாகக் கட்டித் தருகிறேன் என்று சுடர்தான் ஏற்றுக்கொண்டாள். லினக்ஸ் வைத்திருக்கிற யாரும் ஒரே ஒரு கட்டளை தட்டினால் போதும், வேண்டியதெல்லாம் தானே வந்து தானே உட்கார்ந்து, உன் பேர் என்ன, உன் பதிவுக்கு என்ன பேர் என்று தமிழில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, ஓடத் தொடங்கிவிட வேண்டும். குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு விசிலுக்குக் காத்திருப்பது போல. ஆரோக்கியம் அண்ணனே செய்துகொள்கிற மாதிரி. அதுதான் அளவுகோல். ஜெசிந்தா இருக்கும்போது முடித்துத் தர முடியவில்லை. அவள் போன பிறகுதான் வேகம் வந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு நாளைக்குச் செய்துகொள்ளலாம், செத்தவர்களுக்குத்தான் இன்றைக்கே செய்தாக வேண்டியிருக்கிறது. நல்ல நியாயம் இது, நம்முடைய நியாயம்.

பொதி கட்டுவதற்கென்று விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஒரே சாமானை இரண்டு இடத்தில் வைக்காதே என்பது. பல நிரல்களுக்கும் பொதுவாக ஒரு துணைநிரல் இருந்தால் அதைத்தான் எல்லோரும் எடுத்தாள வேண்டும், ஆளுக்கொரு பிரதியைத் தன் மடியில் கட்டிக்கொண்டு திரியக் கூடாது. ஜெசிந்தாவின் நிரலில் கைவசம் என்று ஓர் அடைவு, கோப்புகளைப் போட்டு வைக்கிற உறை, இருந்தது. பதிவின் தலைப்பை வாங்கி அதிலிருந்து அதன் முகவரியைச் செய்து தருகிற ஒரு சின்னத் துணைநிரலின் பழைய பிரதி அதற்குள் கிடந்தது. உலகத்துக்கே பொதுவாய் அதன் புதிய பிரதி இருக்க இவள் ஏன் பழசை மூட்டை கட்டி வைத்திருக்கிறாள், சோம்பேறித்தனம், என்று சுடர் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் சிரிக்கவும் செய்தாள், அதுதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது, அந்தச் சிரிப்பு. கைவசத்தை நீக்கினாள். பொதுப் பிரதியோடு கோத்தாள். சோதித்தாள். பத்துப் பதினைந்து தடவை சோதித்தாள். பதிவின் தலைப்பு, டெஸ்ட் ஒன். அடுத்த பதிவு, டெஸ்ட் டூ. ஹலோ ஹலோ. எல்லாம் ஆங்கிலத்தில். நிரலில் வருகிற ஒவ்வொரு செய்தியும் தமிழில் இருக்க வேண்டும், சேமி என்பதா காப்பாற்று என்பதா என்று முன்பின் தெரியாதவர்களோடெல்லாம் இணையக் குழுமத்தில் மல்லுக்கட்டியவள், சோதிக்க உட்கார்ந்ததும் கை தானாக டெஸ்ட் ஒன் என்று தட்டிற்று. கணினி முன்னால் உட்கார்ந்த எந்தத் தமிழனுக்கும் அந்தக் கைதான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

அந்தப் பொதுப் பிரதிக்குத் தமிழில் காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தாகத் தெரிவதில்லை. தூசியாகத் தெரிகிறது. ஊதித் தள்ளிவிட்டு மிச்சத்தை முகவரியாக வைத்துக்கொள்கிறது. கொடி என்று கொடுத்தால் கட என்கிறது. கடை என்று கொடுத்தாலும் கட, காடு, கூடு, கோடை, குடி, எதைக் கொடுத்தாலும் கட. உயிர்மெய்யிலிருந்து உயிர் போய்விட்டது என்று ஒரு வாக்கியம் மனசில் எழுந்தது, அதை அங்கேயே அமுக்கினாள். பட்டிமன்றத்துக்கு ஆகும், இங்கே வேண்டாம். அந்த முகவரியின் பேரில்தான் பதிவு சேமிக்கப்படும். ஆகவே கடை பற்றி எழுதியதன் மேல் காடு வந்து உட்கார்ந்துகொண்டது, காட்டின் மேல் கூடு. ஒன்றின் மேல் ஒன்று, அடியில் இருந்தது போயே போயிற்று. அதையும் அந்த நிரல் எவ்வளவு பதவிசாகச் சொல்லிற்று. கட சேர்க்கப்பட்டது, கட புதுப்பிக்கப்பட்டது, கட புதுப்பிக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்டது என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது சுடர்தான். அழிக்கப்பட்டது என்று வைத்திருந்தால் நின்று பார்த்திருப்பாள். காலையில் இந்த வரிகள் திரையில் கடகடவென்று ஓடியபோது அவள் படிக்கவேயில்லை, ஓடுகிற வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்து, பெட்டியைத் துடைத்துப் புதிதாக்கி, புது லினக்ஸ் ஏற்றி, தன் பொதியை நிறுவி, பழைய பதிவுகளை உள்ளே கொண்டுவரச் சொன்னாள். சின்னப் பெட்டி, இடம் இல்லை, படங்கள் வேறு ஏராளம், அதனால் படியெடுக்காமல் ஒவ்வொன்றாக நகர்த்தும்படி எழுதியிருந்தாள். இங்கே வந்ததும் அங்கே போய்விடும். அதுவும் அவள் சாமர்த்தியம்தான். எல்லாம் முடிந்த குஷியில், அண்ணனுக்கு நாளைக்கு உதவும் என்று, காலியான அந்தப் பென் டிரைவிலேயே, அழிந்தது கிடந்த இடத்தின் மேலேயே, நிறுவல் வட்டையும் எழுதி முடித்தாள். அதற்கப்புறம்தான் முகப்பைத் திறந்தாள். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு உப்பு பார்த்த கதை.

போனவற்றில் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். உலகம் பார்க்க வெளியிட்டதெல்லாம் தான் வேலை பார்க்கிற கல்லூரிக் கணினியில் சுடர் வாராவாரம் எடுத்து வைக்கிற காப்பில் இருக்கிறது. வெளியிடாத ஒன்றுதான் இல்லை. வரைவு என்ற அடைவில் இருந்த ஒரே ஒரு கோப்பு. அடைவுகளில் வரைவுதான் முதலில் உள்ளே போயிற்று. ஓடிய வரிகளில் முதல் வரி அதுதான், வட சேர்க்கப்பட்டது. வெகுநேரம் கழித்து, எங்கோ நடுவில், வட புதுப்பிக்கப்பட்டது. அந்த முகவரியைத் திறந்தால் வடை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பின்புறம் ஒரு கடையில் ஜெசிந்தா தின்ற மெதுவடையைப் பற்றிய பழைய பதிவு, ஊரெல்லாம் சிரித்துப் படித்தது. அதற்கடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சுடருக்குக்கூட. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரத்தில், ஒத்தை விரலால் போனில் தட்டித் தட்டி எழுதிவிட்டு, ஒண்ணு வெளியிடாம வச்சிருக்கேன்டி, நீ தொறக்காத, பெட்டி எங்க வீட்டுக்குப் போனதும் அவரே தொறக்கட்டும் என்றாள். சரி என்று சுடர் தலையாட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இத்தனை மாதமும் பெட்டி இவள் வீட்டு ஃப்ரிட்ஜின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது, பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு, தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டு; வரைவுகள் பக்கத்தை அவள் ஒருநாளும் திறக்கவில்லை, தலைப்பு கண்ணில் பட்டுவிடும் என்றுகூட. திறந்திருக்கலாம். ஒரு தடவை வாக்குத் தவறியிருந்தால் இன்றைக்கு அது அவள் தலைக்குள்ளாவது இருந்திருக்கும். நல்லவளாக இருந்ததன் பலன் இது. நல்லவளாக இருந்தாள், விதிப்படி நடந்தாள், சுத்தமாகத் துடைத்தாள்.

வட என்றால் என்ன. வீடு. வீடாகத்தான் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவளுக்கு வீடு தவிர வேறென்ன நினைவு வரும், ஜன்னலோரத்துத் தையல் மெஷின், அண்ணன் போட்டுவிட்டு எடுக்காத ஈரத் துண்டு. அல்லது விடை. விடை பெறுகிறேன் என்கிற விடையா, கேள்விக்கு விடையா, அவர் என்றைக்காவது ஏதாவது கேட்டிருந்தாரா. வடு. ஆபரேஷன் தழும்பை அவள் ஒருதரம் ரவிக்கையை ஒதுக்கிக் காட்டியிருக்கிறாள், பாருடி ரயில் தண்டவாளம் மாதிரி என்று. வாடை. கட்டில் பக்கத்தில் மருந்து வாடையும் மல்லிகைப்பூ வாடையும் சேர்ந்து ஒரு மாதிரி குமட்டும், அதைப் பற்றி அவள் எழுதக்கூடியவள்தான். வாடி. வாடி என்றால் எனக்கு எழுதியதா, இல்லை, அவர் திறக்கட்டும் என்றாளே, அவரை வாடா என்றா கூப்பிடுவாள், தனியாக இருக்கும்போது கூப்பிட்டாலும் கூப்பிடுவாள், யார் கண்டது. வெறும் வடையாகவும் இருக்கலாம், இரண்டாம் வடை. ஒவ்வொரு சொல்லையும் மேலே ஏற்றிப் பார்த்தாள், ஒவ்வொன்றும் பொருந்திற்று, அதுதான் கொடுமை. ஒன்றாவது பொருந்தாமல் போனால் ஒரு படி இறங்கலாம். கண்ணை மூடினால் ஜெசிந்தாவின் விரல் தெரிந்தது, எந்த எழுத்தில் போய் விழுகிறது என்று தெரியவில்லை. தன் பேரை அந்த நிரலில் போட்டால் சடர என்று வரும். ஜெசிந்தா ஜசநத. இரண்டு பேரும் கால் கை இல்லாமல் கிடக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டால். இந்த நினைப்பு காலையிலிருந்து கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது, இப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது. அவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. பெட்டி வீட்டுக்குப் போனதும் அவரே திறக்கட்டும் என்றாள், பெட்டி இன்னும் போகவில்லை. கல்லூரியிலிருந்து மற்றதையெல்லாம் கொண்டுவந்து நிரப்பிக் கொடுத்துவிட்டால், அவர் பாட்டுக்குச் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெதுவடையைப் படித்துச் சிரித்துக்கொண்டு இருப்பார். யாருக்கு நஷ்டம். செத்தவளுக்கா. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். ஃப்ரிட்ஜின் தலையில் பெட்டி இருந்த இடத்தில் தூசி படாத ஒரு சதுரம். திரும்பி வந்து, ஏதாவது செய்ய வேண்டுமே என்று, தான் நீக்கிய கைவசத்தை, நிரலில் செய்த மாற்றமெல்லாம் பதிந்திருக்கும் வரலாற்றிலிருந்து தோண்டியெடுத்தாள். நீக்கியதெல்லாம் வரலாற்றில் இருக்கும், நிரலுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. பழைய பிரதிக்கும் அதன் மூலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தாள். ஒரே ஒரு வரி. காலையும் கொம்பையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணு என்கிற வரி. அதற்கு மேலே ஜெசிந்தாவின் குறிப்பு: இத எடுத்தா எல்லாப் பயலும் ஒருத்தனாயிருவான். சோம்பேறித்தனம் என்று நினைத்தாளே. சுடருக்கு முகம் எரிந்தது. பட்டை முட்டியது. மீட்கப்பட்ட படங்கள் என்று ஒரு நீளப் பட்டியல், மீட்கப்பட்ட உரைக்கோப்புகள் என்பதற்கு நேரே வெற்றிடம். அதே நேரம் கீழே செருப்புக் கழற்றுகிற ஓசை, பிறகு மாடிப்படி.

"என்னம்மா சுடரு, பெட்டி ரெடியா?"

துணிப்பை கொண்டுவந்திருந்தார். அதற்குள் மடித்த ஒரு துண்டு வேறு, பெட்டியைச் சுற்றிக் கொண்டுபோக. துண்டைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த நினைப்பு எழுந்து போய்விட்டது. சொல்லிவிட்டாள். நின்றபடியே, திக்கித் திக்கி, பொதி, கைவசம், நகர்த்துதல் எல்லாவற்றையும் முன்னுக்குப்பின் குழப்பி, கடைசியில் எளிதாகச் சொன்னாள். "ஜெசி ஒங்களுக்குன்னு ஒண்ணு எழுதி வச்சிருந்தா அண்ணே. நான் அழிச்சிட்டேன்."

அவர் இன்னொரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். துண்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எழுதுனது. பக்கத்துலதானம்மா உக்காந்திருந்தேன். எட்டிப் பாத்தா போனத் திருப்பிக்குவா. என்னமோ எனக்குத்தான் எழுதுறாண்டு வெளங்கிருச்சு." கொஞ்சநேரம் துண்டின் ஓரத்தை நிமிண்டினார். "பெட்டிய எடுத்துக்கங்கன்னு நீ எத்தன வாட்டி சொன்ன. கரண்டு சரியில்ல, வீடு பூசிக்கிட்டிருக்காக, அடுத்த மாசம் பாப்பம்னுட்டே இருந்தேன்ல. வீடெல்லாம் ஒண்ணும் பூசல. படிச்சுட்டா தீந்துபோகும். படிக்காம இருக்க வரைக்கும் அவ எனக்கு ஒண்ணு சொல்ல வேண்டியது பாக்கி இருக்குதுன்னு இருந்துச்சு. இன்னைக்குத்தான் பூசையில, சரி, போயி எடுத்துருவோம்னு மனசு வந்துச்சு."

சுடர் தரையில் உட்கார்ந்தாள்.

"தலைப்பு என்னம்மா?"

"தெரியல அண்ணே. வட-ன்னு மட்டுந்தான் இருக்கு. மேல கீழ இருக்கதெல்லாம் உதிந்துபோச்சு."

"வடையா?" அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது. "சாகப்போற நேரத்துல வடையப் பத்தியா எழுதுவா. எழுதுனாலும் எழுதுவா."

"வீடா இருக்கலாம். விடையா இருக்கலாம். வடு, வாடை..." அவளால் மேலே அடுக்க முடியவில்லை. அடக்கி வைத்திருந்தது உடைந்தது. பூசை முடிந்து வந்த மனிதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, மூக்கைச் சேலையில் துடைத்து, அசிங்கமாக, சத்தமாக அழுதாள். ஜெசிந்தாவை எடுத்த அன்றைக்கு வந்தவர்களைக் கவனிக்கிற வேலையில் இப்படி அழ முடியவில்லை. அவர் பெட்டிக்கென்று கொண்டுவந்த துண்டை நீட்டினார்.

"விடு" என்றார். "விடும்மா. விடு."

துண்டை வாங்கப் போன கை பாதியில் நின்றது. அவர் உதடும் அப்படியே நின்றது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும், விடுவும் உதிர்ந்தால் வட. எதிர்மாடியில் துணி உதறுகிற சத்தம் மறுபடி வந்து போனது.

பிறகு அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைவசத்தை அதன் பழைய இடத்தில் வைத்து, பொதியை மறுபடி கட்டி, பெட்டியில் நிறுவினாள். நேரம் பிடித்தது. அவர் போகவில்லை, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தது போலவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், இந்தமுறை திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. சோதிக்கப் புதுப் பதிவு ஒன்றைத் திறந்தபோது கை பழக்கத்தில் டெஸ்ட் என்று பாதி தட்டிவிட்டது. அழித்தாள். வேறு ஒன்று தட்டினாள். கீழே எழுத ஒன்றுமில்லை, வெறுமையாகவே சேமித்தாள். முகவரி எதுவும் உதிராமல் முழுசாக வந்தது.

"கண்ணாடி கொண்டாரல" என்றார் ஆரோக்கியம். "என்னம்மா வந்திருக்கு? வாசி."

அவள் வாசித்தாள்.

"விடு."